பி.ஜி சேர்ந்தாச்சா? தேனி - கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்கள் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய 7 விஷயங்கள்!

விடிஞ்சும் விடியாம கம்பம், போடி பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்கள் கிளம்பிடும். அந்தக் கூலியை நம்பி எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.காம் படிக்கிற பிள்ளைகள் இந்த ஊர்கள்ல உண்டு. சீசன் நேரத்துல தானும் மலையேறுறவங்களும் உண்டு. அப்படிப் படிக்கிற பி.ஜி, ஒரு கடைசித் தேதியைத் தவறவிட்டதாலோ, ஒரு சான்றிதழை வாங்க மறந்ததாலோ வீணாகக் கூடாது. ரெண்டு வருஷத்துல நீங்க கவனிக்க வேண்டியவை இவை.

1. உங்க 'ரூல் புக்' எது?

பக்கத்து ஊர் ஃப்ரெண்டோட காலேஜ் விதி உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லை. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிகள். சிலபஸ், தேர்வு, ரிசல்ட் எல்லாமே கல்லூரியே பார்த்துக்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். ஹவுதியாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஜெயராஜ் அன்னபாக்கியத்துக்குக் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். தன்னாட்சி இல்லாத கல்லூரின்னா, தேர்வும் ரிசல்ட்டும் பல்கலைக்கழகத்தோட கையில். மறுமதிப்பீடு, அரியர் ஃபீஸ் விஷயத்துல எந்த ஆபீஸுக்கு எழுதணும்னு முதல் வாரத்துலேயே கேட்டு வெச்சுக்கோங்க.

2. அட்டெண்டன்ஸ் கணக்கு

பொதுவான விதி 75%. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வெச்சுக்கிட்டா, 68 நாள் வந்திருக்கணும். அதாவது, கையில இருக்கிறது 22 நாள்தான். ஏலக்காய் எடுக்கிற சீசனும் ஜூன்ல தொடங்குற செமஸ்டரும் ஒண்ணா வர்றதால, சனி, ஞாயிறு தாண்டி லீவு போடும்போது இந்தக் கணக்கு மனசுல ஓடணும்.

கொஞ்சம் குறைஞ்சா, காரணம் காட்டி, அபராதக் கட்டணம் கட்டி 'கண்டோனேஷன்' வாங்கலாம். ரொம்பக் குறைஞ்சா அந்தத் தேர்வையே எழுத முடியாது. உடம்பு சரியில்லாமப் போனா, மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டை திரும்பி வந்த அன்னைக்கே கொடுத்துடுங்க. ஹால் டிக்கெட் நேரத்துல கொண்டுபோய் நீட்டினா கதை வேற.

3. 50 எடுத்தா பாஸ்... ஆனா போதுமா?

யு.ஜி-யில 40 எடுத்தா பாஸ். பி.ஜி-யில பொதுவா 50. இதுலதான் பலர் முதல் செமஸ்டர்ல அடி வாங்குறாங்க. 'நெட்' தேர்வுக்கும் பிஹெச்.டி-க்கும் பொதுப் பிரிவுக்கு 55% வேணும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி (கிரீமி லேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகளுக்கு 50% போதும். நம்ம பி.சி., எம்.பி.சி சாதிச் சான்றிதழ் மட்டும் அங்கே செல்லாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி சான்றிதழை இ-சேவை மூலமா தனியா வாங்கணும்.

4. நடுவுல பி.எட் சீட் கிடைச்சுட்டா?

எம்.ஏ சேர்ந்த பிறகு பி.எட்-டோ, வேற காலேஜோ கிடைக்கிறது சகஜம். உங்க ஒரிஜினல் சான்றிதழ்களை சரிபார்த்துட்டுத் திருப்பித் தரணும்; பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. இது யு.ஜி.சி 2018-ல வெளியிட்ட அறிவிப்பு. கட்டணத்துக்கும் அதுலேயே கணக்கு இருக்கு:

* அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலோ இருக்கும்போது விலகினா: 100% (அலுவலகச் செலவாக சிறு தொகை மட்டும் பிடிக்கலாம்)
* கடைசித் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது: 90%
* கடைசித் தேதி முடிஞ்சு 15 நாளுக்குள்: 80%
* 16-லிருந்து 30 நாளுக்குள்: 50%
* அதுக்கு மேல: எதுவும் கிடையாது

வாயால சொல்லாதீங்க. எழுதிக் கொடுத்து, தேதியோட சீல் வெச்ச நகல் வாங்குங்க. நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

5. ஸ்காலர்ஷிப்: யாருக்கு, எது?

'புதுமைப்பெண்', 'தமிழ்ப்புதல்வன்' திட்டங்கள்ல மாசம் 1,000 ரூபாய் வர்றது யு.ஜி வரைக்கும்தான். பி.ஜி சேர்ந்ததும் நின்னுட்டா பதறாதீங்க, விதியே அப்படித்தான். எஸ்.சி., எஸ்.டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். பி.சி., எம்.பி.சி-க்குத் தனி உதவித்தொகை உண்டு. எதுக்குமே வருமானச் சான்றிதழும், ஆதார் இணைச்ச வங்கிக் கணக்கும் அவசியம். ஜூன் மாசமே தயார் பண்ணிடுங்க.

6. தமிழ் மீடியமா? இதை மறக்காதீங்க

தமிழ் வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20% முன்னுரிமை இருக்கு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1-ம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில படிச்சிருக்கணும். ஸ்கூல், யு.ஜி., பி.ஜி., பி.எட் என ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சான்று காட்டணும். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் போறவங்களுக்கு இது தங்கம். டி.சி வாங்குற அன்னைக்கே 'தமிழ் வழிச் சான்று' கேட்டு வாங்கிடுங்க.

7. அடுத்து என்ன?

"எம்.ஃபில் முடிச்சுட்டு..."ன்னு சொந்தக்காரங்க சொன்னா, அது பழைய கதை. 2022 நவம்பரோட யு.ஜி.சி அதை நிறுத்திடுச்சு. இப்போ பி.ஜி முடிச்சு நேரா பிஹெச்.டி-தான், குறைஞ்சது 3 வருஷம். பெண்களுக்குக் கூடுதல் கால அவகாசமும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. 2024 ஜூன் முதல் 'நெட்' மதிப்பெண்ணை வெச்சே பிஹெச்.டி-யில சேரலாம். பி.ஜி கடைசி வருஷத்துலேயே 'நெட்' எழுதலாம்; ஜே.ஆர்.எஃப் கிடைச்சா, பிஹெச்.டி சேர்ந்ததும் மாசம் 37,000 ரூபாய்.

ஒரு குட்டி டிப்ஸ்: காமராசர் பல்கலைக்கழகத்துல சான்றிதழ் வேலை இருக்கா? பல்கலை நகர், மதுரை - தேனி ரோட்டுலேயேதான் இருக்கு. மதுரை டவுன் வரை போய்த் திரும்பி வர வேண்டாம், வழியிலேயே இறங்கிக்கலாம். ஆனா, பஸ் அங்கே நிக்குமான்னு ஏறும்போதே கண்டக்டர் அண்ணன்கிட்ட கேட்டுடுங்க!