அட்டை வந்த வழி: 1955 கோவை முதல் நடூர் வரை

மேட்டுப்பாளையத்தில் நடக்கும் எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில், கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "தோழர், இப்பத்தான் எல்லாரு கையிலயும் காப்பீட்டு அட்டை இருக்குதுங்களே. அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மென்ட்டே கட்டுது. இன்னும் மருத்துவத்துல சாதி எங்க இருக்குதுங்க?"

நாங்கள் ஏதோ பதில் சொன்னோம். அது எங்களுக்கே போதவில்லை. கேள்வி தவறானதல்ல. அட்டை வந்தது உண்மை, அதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் அந்த அட்டை எந்த வழியாக நம்மிடம் வந்தது, வழியில் யாரை ஏற்றிக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் உழைக்கும் மக்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2009இல் தொடங்கியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தொடங்கியது 1955 ஜனவரியில். தொடங்கிய இடம் சென்னை அல்ல, நம் கோயம்புத்தூர். ஈ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது இந்த மில் நகரத்துக்குத்தான்.

அந்தத் திட்டத்தின் வேரில் நம்மவர் இருக்கிறார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1943இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். சட்டம் நிறைவேறியது 1948 ஏப்ரலில். அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். நம் சுவரொட்டிகளில் "ஈ.எஸ்.ஐ. தந்த அண்ணல்" என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறோம். அதார்க்கர் பெயரும் ஜெகஜீவன் ராம் பெயரும் அந்த வரியில் காணாமல் போகின்றன. அவரவர் வேலையை அவரவருக்குக் கொடுத்தால் அண்ணலின் பெருமை எதுவும் குறையாது.

இனி அந்தச் சட்டம் யாரைத் தொழிலாளி என்று எண்ணியது என்பதைப் பாருங்கள். அதார்க்கரின் முதல் திட்டமே துணி, பொறியியல், கனிமம்-உலோகம் ஆகிய மூன்று துறை ஆலைகளுக்கானது. சட்டமாக வந்தபோது, மின்சாரம் போன்ற இயந்திர ஆற்றலைப் பயன்படுத்தி, ஆண்டு முழுவதும் இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஆலைகள் என்று வரையறுத்தார்கள். பருவகால ஆலை வெளியே. வயல் வேலை வெளியே. வீட்டு வேலை வெளியே. சாதியின் பெயர் சட்டத்தில் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கொங்கு நாட்டில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

கவுண்டர் தோட்டங்களில் ஆண்டுக் கணக்கில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், இங்கே மாதாரி என்று அழைக்கப்பட்டவர்கள். கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், அந்தத் தோல் பறியைத் தைத்துக் கொடுத்ததும் பழுது பார்த்ததும் அவர்கள்தான். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு இறங்கிய பிறகு மில்கள் பெருகின. அதே மின்சாரம் பின்னாளில் தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டாராக வந்தது. பறி தைக்கும் வேலை போயிற்று. ஒரே கம்பியில் வந்த மின்சாரம் மில் தொழிலாளியைக் காப்பீட்டுக்குள் கொண்டுபோனது, தோல் தொழிலாளியைக் கூலிக்காரராக்கி வெளியே நிறுத்தியது. சமூகவியல் பாடத்தில் "அமைப்புசாராத் துறை" என்று படிக்கும்போது எங்களுக்கு அது ஒரு சொல்லாகத்தான் இருந்தது. கவலைக் கதையை வயதானவர்கள் சொல்லக் கேட்ட பிறகுதான், அமைப்புக்குள் சேர்க்கப்படாதவர்கள் என்று ஒரு கூட்டமே இருப்பது உறைத்தது.

மில்லுக்குள் தலித்துகள் அறவே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தார்கள், குறைவாக இருந்தார்கள். ஆனால் நம் பெண்கள் பெருமளவில் நூற்பாலைக்குள் போனது 1990களுக்குப் பிறகு, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில். மூன்றாண்டு ஒப்பந்தம், மில் விடுதியிலேயே தங்கல், முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை. தென் மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அதில் தலித் பிள்ளைகள் ஏராளம். பதிவேட்டில் அவர்கள் தொழிலாளிகள் அல்ல, பழகுநர்கள். பழகுநர் சட்டத்தின் கீழ் வந்தவரை ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளி என்று எண்ணவில்லை. பாட்டன் காலத்தில் மில் கதவு மூடியிருந்தது. பேத்தி காலத்தில் கதவு திறந்தபோது சொல் மாறியிருந்தது.

இதற்கு நடுவே இன்னொரு பாதையும் இருந்தது. 1946இல் போர் குழு அறிக்கை, பணம் கட்ட முடியாத காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்ற அடிப்படையில், வரிப் பணத்தில் நடக்கும் பொது மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. இந்தப் பாதையில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களை விட அதிக தூரம் நடந்தது. பொதுச் சுகாதாரச் சட்டம் இங்கே 1939லேயே வந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் வழியாக மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுக்கும் மருந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. சேரிக்கு அதிகம் உதவியது எது என்று எங்களைக் கேட்டால், அட்டையைச் சொல்ல மாட்டோம். இவற்றைத்தான் சொல்வோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. நம் பாட்டிமார்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத எண் இது. (அதே கணக்கெடுப்பில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

அந்தப் பாதையிலும் முள் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987இல் சில நூறு ரூபாயில் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, பிறகு 18,000 என்று உயர்ந்தது. கூலி வேலை செய்யும் கர்ப்பிணிக்கு ஓய்வெடுக்கக் காசு என்பது நல்ல யோசனை. ஆனால் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது குழந்தையைச் சுமப்பவளுக்குப் பசி இருக்காதா? குழந்தைகள் இறந்துபோவதை அதிகம் பார்த்த தெருக்களில்தான் அதிகம் பெற்றார்கள். அந்தத் தெருக்களுக்குத்தான் அந்த நிபந்தனை உறைத்தது.

2009க்கு வருவோம். அந்த ஆண்டில் அருந்ததியருக்கு இரண்டு வந்தன. ஒன்று, 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு. அது செல்லும் என்பதற்கான அரசமைப்பு வழியை உச்ச நீதிமன்றம் திறந்துவிட 2024 ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். மற்றொன்று, ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கும் 26 நல வாரியங்களின் உறுப்பினர்களுக்கும், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. நடத்தியது ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். ஆட்சி மாறிய பிறகு, 2012 ஜனவரியில் திட்டத்தின் பெயரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று மாறியது. இம்முறை பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா, ஆண்டுக்கு ஒரு லட்சம், சிலவற்றுக்கு ஒன்றரை லட்சம். 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து 5 லட்சமானது. 2022இல் வருமான வரம்பு 1,20,000 ஆயிற்று.

1955இல் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இதில் உள்ளே வந்தார்கள். ஆலை, மின்சாரம், 20 பேர் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. இதைச் சிறிய மாற்றம் என்று தள்ளுகிறவர்களோடு நாங்கள் உடன்பட மாட்டோம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தை, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய அப்பா என்று எங்களோடு நிற்கும் குடும்பங்களுக்கு அந்த அட்டைதான் கதி.

ஆனால் அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம் கட்டும். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவுடன் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். மருந்தடித்த தோட்டத்தில் நின்று நின்று இருமல். "அட்டை இருக்குதுங் கண்ணு. ஆப்பரேசன்னாத்தான் அது செல்லுமாமா. இருமலுக்கெல்லாம் செல்லாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு நாள் லீவு போட்டா கூலியும் போச்சு, பஸ்ஸுக்கும் காசு போச்சு," என்றார். அவர் போக வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்கே போக அவருக்கு அட்டை வேண்டாம். வேலை முடிந்து வரும் நேரத்தில் அங்கே மருத்துவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டக்காரர் எந்த மருந்தை அடிக்கிறார் என்று கேட்க ஓர் அதிகாரியும் வேண்டும்.

சிகிச்சை தேவைப்படும்போதும் வழி நேராக இல்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவருக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அனுமதி கிடைக்கும் வரையான சோதனைகளுக்கு முதலில் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். சங்குக்கட்டியை அடகு வைத்தார்கள். சிகிச்சை "இலவசமாக" முடிந்தது. அடகு இன்னும் மீளவில்லை.

ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளை 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள். கிராமப்புறத்தில் பட்டியலினக் குடும்பம் என்பது ஒரு தகுதி. கையால் மலம் அள்ளும் குடும்பம் என்றால் தானாகவே சேர்க்கப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையால் மலம் அள்ளுபவர் எங்கள் எல்லையில் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் உள்ளாட்சிகளின் வழக்கம். 2013 சட்டப்படி அது குற்றம், அதனால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொட்டிக்குள் இறங்கியவர் இறந்த பிறகுதான் அவர் இருந்தார் என்பதே பதிவாகிறது.

இன்று விவாதம் இரண்டு பக்கமாக நடக்கிறது. காப்பீடு கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்கிறார்கள் ஒரு பக்கம். காப்பீடு என்பது மக்கள் பணத்தைத் தனியாருக்கு மடை மாற்றும் வேலை, எல்லாவற்றையும் அரசு மருத்துவமனைக்கே கொடு என்கிறார்கள் மறு பக்கம். எங்கள் சாய்வு இரண்டாவது பக்கம்தான், ஒளிப்பதற்கில்லை. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகையைப் பெற முடிவது இதில் ஒரு நல்ல ஏற்பாடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவதும் அப்படித்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைப் பேசுவதில்லை. நாம் எப்போதும் பயனாளியாகவே பேசப்படுகிறோம். மருத்துவமனைக்குள் நாம் ஏற்கனவே இருக்கிறோம், துடைப்பத்தோடு.

அரசு மருத்துவமனைகளின் துப்புரவு வேலை ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாநகராட்சிகளில் அதே பாதைக்கு 2022இல் அரசாணை 152 வந்தது. ஒப்பந்த வேலையில் இடஒதுக்கீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 விழுக்காடு, முதலாளி பங்கு 3.25. பிடிப்பது உறுதி, கட்டுவதுதான் சந்தேகம். நாங்கள் பார்த்த ஒரு நிறுவனத்தில், சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது, சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனபோது எண்ணே செயலில் இல்லை. அண்ணல் துறையில் கருவான திட்டம், நம் ஊரில் முதலில் பிறந்த திட்டம், 60 ஆண்டு கழித்து நம்மவர் கைக்கு வந்தது இந்த நிலையில்.

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வசதியான வீட்டின் இருபதடிக் கருங்கல் சுவர் பக்கத்திலிருந்த அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றுதான் அங்குள்ள மக்கள் அதைச் சொன்னார்கள். உடல்கள் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. நாகை திருவள்ளுவன் உள்ளிட்ட தோழர்கள் சிறைக்குப் போனார்கள். பிள்ளைகள் இருவரையும் இழந்த ஒரு தந்தை, அன்று அந்த இருவரின் கண்களையும் தானமாகக் கொடுத்தார்.

அந்த 17 பேரை எந்த அட்டையும் காப்பாற்றியிருக்காது. சுவரைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று முன்பே சொன்னவர்களின் பேச்சு எங்கேயாவது ஏறியிருந்தால் பிழைத்திருப்பார்கள். சுகாதாரச் சீர்திருத்தம் என்று பேசும்போது இந்தச் சுவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவரே வந்தார், கையில் ஒரு நோட்டு. தன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார்: அட்டை இருக்கிறதா, கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, எங்கே போனீர்கள், எவ்வளவு செலவு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது. முதல் பக்கத்தில் தன் அம்மா. மூன்று வருடம் நூற்பாலையில் வேலை. ஈ.எஸ்.ஐ. எண் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் போகிறோம். வர முடிந்த தோழர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள்.