டர்போ காற்றுக்குழாய்க் கப்ளர்

டர்போசார்ஜர் அழுத்தித் தரும் காற்றை இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்களை இணைக்கும் நெகிழ்வான துண்டு. இன்ஜின் தன் மவுன்ட்டுகளின் மேல் ஓயாமல் அசைகிறது. இன்டர்கூலரோ வண்டியின் உடலோடு நிலையாக நிற்கிறது. இந்த வேறுபாட்டை ஏற்பது கப்ளரின் முக்கியப் பணி.

தேர்வு: பாலியெஸ்டர் அல்லது அராமிட் துணி அடுக்குகள் பதித்த சிலிக்கான் ரப்பர் பரவலாகப் பயன்படுகிறது. சாதாரண சிலிக்கான் நாளடைவில் எண்ணெயில் ஊறி இளகிவிடும். எண்ணெய் ஆவி படியும் இடத்தில் ஃபுளோரோசிலிக்கான் உள்ளடுக்கு கொண்டதே நீடித்து உழைக்கும். அசைவு மிகுந்த இடத்துக்கு நடுவில் புடைப்புள்ள வகையும், விட்டம் மாறும் இடத்துக்கு ரெடியூசரும் பொருந்தும். டர்போவுக்கு முந்தைய உறிஞ்சுபக்கத்தில் குழாய்ச் சுவர் உள்ளே ஒடுங்கக்கூடும். அங்கே கம்பிச்சுருள் பதித்த ஹோஸ் தேவை.

தாங்கல்: 63 மி.மீ. உள்விட்டக் குழாயில் 1 பார் பூஸ்ட் இருக்கும்போது, முனையைப் பிடுங்கும் விசை சுமார் 310 நியூட்டன். 30 கிலோ எடை தொங்குவதைவிடச் சற்று அதிகம். ஆகவே குழாய் முனையில் உருட்டிய மேடு இருக்க வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி, முனையிலிருந்து விலகிய பக்கத்தில் அமர வேண்டும். அதிக பூஸ்ட்டுக்கு டி-போல்ட் கிளாம்ப் சிறந்தது. ஒவ்வொரு குழாயையும் ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட்டால் இன்ஜினோடோ உடலோடோ, ஏதேனும் ஒன்றோடு மட்டும் பிணைக்க வேண்டும்; இரண்டோடும் பிணைத்தால் பிராக்கெட்டோ வெல்டோ விரிசல் விடும்.

பழுதின் அடையாளங்கள்: கிளாம்ப்பின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, பூஸ்ட் ஏறும்போது சீறல், இழுவைக் குறைவு, டீசல் வண்டியில் கரும்புகை.