என்ன ரெக்கார்டர் வாங்கலாம்? - ஒரு குட்டி வரலாறு

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பெரியப்பா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினார். கப்பல் பட்டறை வேலை. கிளம்புவதற்கு முன்னால் ஆறுமுகநேரி ஸ்டேஷனில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எலேய், அங்க நம்ம பக்கத்துப் பழைய ஆளுக நெறைய இருக்காங்களாம்ல. லீவு நாள்ல போயி அவங்க கதையெல்லாம் பிடிச்சு ஒனக்கு அனுப்புதேன். என்ன மிசினு வாங்கணும்னு மட்டும் சொல்லு."

கடைக்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பார். நான் வரலாறு படிக்கிறவன் ஆச்சே! "அண்ணே, ரெண்டு வாரம் டைம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, இதற்கு முன்னால் ஊர் விட்டு ஊர் போய் அடுத்தவர் குரலைப் பிடித்தவர்கள் எதை வைத்துப் பிடித்தார்கள் என்று படிக்க உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. எங்கள் தாத்தா உப்பளத் தொழிலாளி. 1961-ல் தூத்துக்குடியில் நடந்த முத்துச் சலாபத்துக்கு இருபது வயதில் சிப்பி சுமக்கப் போனவர். அதுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. அந்தக் கதையை அவர் அருமையாகச் சொல்வார். ஒரு ஆடி மாதம் உப்பளத்திலேயே, அம்பாரத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, என் செல்போனில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் முழுக்கக் கச்சான் காற்று! பேய் இரைச்சலுக்கு நடுவில் "...தோணி கரைக்கு வந்ததும்..." என்று அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு. சரி, இன்னொரு நாள் வீட்டுக்குள் வைத்து எடுக்கலாம் என்று இருந்தேன். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

எட்கர் தர்ஸ்டன் என்ற பெயரை நம் வகுப்பில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 'தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்' என்று 1909-ல் ஏழு தொகுதிகள் போட்டவர். அவர் சாதிகளை எழுதுவதற்கு முன்னால் சிப்பிகளைப் பற்றி எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1889-ல் முத்துக்குளிப்பைப் பார்க்க நம் தூத்துக்குடிக்கு வந்தார். முத்து, சங்கு இரண்டையும் பற்றிக் குறிப்புகள் எழுதினார். சுறாமீன் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய 'கடற்கட்டி' பற்றியெல்லாம் அதில் வருகிறது. எல்லாமே காகிதத்தில்தான். எடிசன் 1877-லேயே போனோகிராஃபைச் செய்துவிட்டார், ஆனால் வெளியூருக்குத் தூக்கிப்போய் வேலை வாங்கும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை. ஃப்யூக்ஸ் என்ற அமெரிக்கர் மெழுகுக் குழாயை எடுத்துக்கொண்டு போய்ப் பாசமக்வாடி பூர்வகுடிகளின் குரலைப் பிடித்தது 1890-ல். தர்ஸ்டன் நம் கடற்கரையில் நின்றதற்கு அடுத்த வருடம்!

பின்னால் தர்ஸ்டனுக்கும் போனோகிராஃப் கிடைத்தது. 1901-ல் தொடங்கிய இனவரைவியல் ஆய்வுக்காக அதை வைத்துப் பதிவுகள் எடுத்தார். எதை எடுத்தார்? பழங்குடிகளின் பாட்டையும் இசையையும். அவர் ஆர்வம் மலைப்பக்கம் போய்விட்டது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

மெழுகுக் குழாயில் இரண்டு நிமிடம் பிடிக்கலாம். மெதுவாகச் சுழல விட்டால் இன்னும் கொஞ்சம். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பு இருக்கும், அதற்குள் தலையை விடாத குறையாக நின்று சத்தமாகப் பாட வேண்டும். சாவி கொடுத்து ஓட்டலாம் என்பதால் மின்சாரம் தேவையில்லை, அது ஒன்றுதான் வசதி. மெழுகு வெயிலில் இளகும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், போட்டுக் கேட்கக் கேட்கத் தேயும். இந்த இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கிழவரை உட்கார வைத்து "தாத்தா, உங்க காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் என்ன ஆகும்? அவர் தொண்டையைச் செருமி, வெற்றிலையைத் துப்பி, "அது வந்து..." என்று ஆரம்பிக்கும்போதே குழாய் தீர்ந்துவிடும். பாட்டு என்றால் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று தெரியும். அதனால் பாட்டைப் பிடித்தார்கள். இலங்கையில் 1907-08-ல் வேடர்களிடம் போன செலிக்மனும் போனோகிராஃபில் பிடித்தது பாட்டுகளைத்தான். 1911-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் பாட்டுகளைப் பற்றி மையர்ஸ் என்பவர் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். வேடர்கள் பேசியதெல்லாம் வெள்ளைக்காரர் எழுதிய எழுத்தாகத்தான் கிடைக்கிறது.

பேச்சைப் பிடிக்கவே இல்லையா என்றால், பிடித்தார்கள். அது இன்னும் வேடிக்கை. இந்திய மொழியாய்வு நடத்திய கிரியர்சனுக்காக மாகாண அரசுகள் கிராமபோன் தட்டுகள் பதிவு செய்து கொடுத்தன. 1913-க்கும் 1929-க்கும் இடையில் 97 மொழிகள், வட்டார வழக்குகள். அந்த ஆய்வின் முக்கியக் கணக்கெடுப்பில் மதராஸ் மாகாணம் சேரவில்லை. தட்டுகளில் மட்டும் தமிழும் உண்டு, இணையத்தில் கேட்கலாம். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல. அதற்குள் அடங்குகிற மாதிரி, மொழிகளை ஒப்பிடவும் வசதியாக, பெரும்பாலும் எல்லாரிடமும் ஒரே கதையைச் சொல்ல வைத்தார்கள். பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை! ஆக நூறு வருடத்துக்கு முந்திய தமிழ்ப் பேச்சு நம்மிடம் இருக்கிறது, ஆனால் பேசுகிறவர் தன் கதையைச் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டாரா, அவருக்கு எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. பன்றி மேய்த்த ஊதாரி மகன் மட்டும் நன்றாகத் தெரிகிறான் :-)

இனிமேல் வருகிறவர்தான் எங்கள் அண்ணனுக்கு உண்மையான முன்னோடி. ஆர்னால்ட் பாகே, 1899-ல் பிறந்த டச்சுக்காரர். 1925-ல் தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து இந்திய இசை படித்தவர். 1930-களின் தொடக்கத்தில் வந்தபோது மெழுகுக் குழாய்தான் வைத்திருந்தார். 1937-ல் மறுபடி வந்தபோது இயந்திரத்தை மாற்றினார். இந்தத் தடவை 'டெஃபி' என்ற ஜெர்மன் கருவி. மெழுகுக்குப் பதிலாக நீளமான ஃபிலிம் நாடா, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாகச் சுற்றும். அதன் மேல் ஊசி வரி வரியாகப் பள்ளம் போட்டுக்கொண்டே போகும். குழாயை விடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மைக் வைக்கலாம். கூடவே 16 எம்.எம். சினிமா கேமராவும் எடுத்துக்கொண்டு, 1938-39-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் எல்லாம் சுற்றினார். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற சாமான் இல்லை அது. இருந்தாலும் அந்தக் காலத்துக்கு அவர் தேர்வு சரியான தேர்வு என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தைத் தவிர. டெஃபி வடிவம் உலகத்தில் நிலைக்கவில்லை. அந்த நாடாவைப் போட்டுக் கேட்க அதே மாதிரி இயந்திரம் வேண்டும். வேறு வடிவத்துக்குப் படியெடுத்துக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் அத்தனையும் வெறும் பிளாஸ்டிக் சுருள். காப்பாற்றியதால் ஒரு நல்ல காரியம் நடந்தது. பாகேயிடம் லண்டனில் படித்த நசீர் ஜெய்ராஸ்போயும் ஏமி கேட்லினும் 1984-ல் அந்தப் பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு தென்னிந்தியாவுக்கு வந்தார்கள். பாகே போன ஊர்களுக்கே போய், அங்கே இருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 46 வருடம் கழித்து! நம் ஊரில் ஆராய்ச்சி என்று வந்து பதிவு செய்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்?

பேட்டி என்று நாம் இன்று சொல்வது காந்த நாடா வந்த பிறகுதான் உண்மையில் சாத்தியம் ஆனது. ஜெர்மனியில் 1935-லேயே நாடா இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் அது மேசையில் வைக்கும் ரகம். கையில் தூக்கும்படி செய்து காட்டியவர் போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் இருந்த குடெல்ஸ்கி. 1951-ல் 'நாக்ரா' என்று ஒன்று செய்தார். போலந்து மொழியில் அதற்கு 'பதிவு செய்யும்' என்று அர்த்தமாம். வானொலிக்காரர்களும் சினிமாக்காரர்களும் அதைக் கொண்டாடினார்கள், மாணவர்கள் விலையைக் கேட்டே ஓடினார்கள். 1961-ல் ஜெர்மனியின் 'ஊஹர்' ரிப்போர்ட் ரெக்கார்டர் வந்தது. பேட்டரியில் ஓடும், தோளில் தொங்கும். கவனித்தீர்களா? எங்கள் தாத்தா சிப்பி சுமந்த அதே வருடம்.

டேப் ரெக்கார்டர் வந்ததும் ஆராய்ச்சியின் அளவே மாறிவிட்டது. பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இருந்துகொண்டு அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பதிவு செய்தார். மெழுகுக் குழாயில் அதை எடுக்க வேண்டும் என்றால் மாட்டுவண்டி நிறையக் குழாய் வேண்டும். நம் பக்கத்து வில்லுப்பாட்டை 1970-களின் கடைசியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரிப் பக்கம் பதிவு செய்து, 1988-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் இல்லாமலேயே நடந்த பெரிய பதிவு ஒன்று உண்டு. பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த கேசட்! 1970-களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் முதல் லீவில் தூக்கிக்கொண்டு வந்தது நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன். எங்கள் ஊரில், பக்கத்துக் காயல்பட்டினத்தில், அதைப் பார்க்காத வீடு குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் அதில் ஒரு மணி நேரம் பேசி, அடுத்து விமானம் ஏறுகிற ஆள் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆச்சி பேசிய கேசட்டில் நடுவில் ஆடு கத்தும், "ஏட்டி, அந்தக் கதவச் சாத்து" என்று ஒரு அதட்டல் கேட்கும், பிறகு மறுபடி "என்னய்யா, சாப்ட்டியா" என்று தொடரும் என்று அம்மா சொல்வாள். யாரும் கேள்வி கேட்காமல், யாரும் கதை கொடுக்காமல் பேசிய பேச்சு. கிரியர்சன் கேட்டிருந்தால் சொக்கிப் போயிருப்பார்.

அது எங்கே என்று கேட்கிறீர்களா? அதன் மேலேயே சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்தால் அழிக்க முடியாது. நாமோ உடைந்த இடத்திலும் செல்லோடேப் ஒட்டி அழிக்கத் தெரிந்தவர்கள்.

இதே காலத்தில் சிங்கப்பூர் அரசு 1979-ல் வாய்மொழி வரலாற்றுக்கு என்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து மணிக்கணக்கில் பேச வைத்தார்கள், தமிழிலும் உண்டு. அந்தப் பேட்டிகள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் ரீல் 1, ரீல் 2 என்றுதான் எண்ணிடப்பட்டிருக்கின்றன. அண்ணன் போகிற ஊரிலேயே நாற்பது வருடத்துக்கு மேலான பாடப்புத்தகம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அப்புறம் மினிடிஸ்க், டாட் என்றெல்லாம் வந்தன, போயின. டெஃபி கதைதான், விடுங்கள்.

கடைசியில் நான் சொன்ன பதில் இது. நாக்ரா வேண்டாம் :-) ஜூம், டாஸ்கம் மாதிரிக் கையடக்கமான ஒன்று, கடையில் கிடைக்கிற சாதா பேட்டரி போடுகிற ரகம் போதும். சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று தனியாக வாங்குங்கள், காசை அதில் போடுங்கள். மைக்குக்குக் கண்டிப்பாக ஸ்பான்ஞ்சுக் குல்லா வேண்டும் (ஏன் என்று உங்களுக்கே தெரியும்). பதிவு ஓடும்போதே ஹெட்போனில் கேளுங்கள். சாதாரண 'வேவ்' கோப்பாகவே எடுங்கள், அதை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும். ஒற்றை மைக் என்றால் ஒரு மணி நேரம் அரை ஜிபி அளவுதான் வரும். அன்றைக்கு ராத்திரியே இரண்டு இடத்தில் பிரதி போடுங்கள். "பதிவு செய்யலாமா" என்ற கேள்வியும் அதற்கு அவர் சொல்லும் பதிலும் பதிவிலேயே இருக்கட்டும். முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், 46 வருடம் காக்க வைக்காதீர்கள்.

"இம்புட்டையும் சொல்றதுக்கா ரெண்டு வாரம்?" என்றார் அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் கோப்பு வந்தது. 1 மணி 12 நிமிடம். ஊட்ரம் பக்கம் ஒரு வீட்டில், ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்திருக்கிறார். முதல் நாலு நிமிடம் அந்தப் பெரியவர் "இது ஓடுதாய்யா? ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதை நான் வெட்டவில்லை.

இன்னொன்று. எங்கள் வீட்டுப் பரணில் நேற்று அந்த டூ-இன்-ஒன் கிடைத்தது. உள்ளே ஒரு கேசட்டும் இருக்கிறது. பெல்ட் இற்றுப் போயிருக்கிறது, புது பெல்ட் போட்டால் ஓடும் என்கிறார் ரிப்பேர்க் கடை அண்ணாச்சி. திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் பெல்ட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.