தோட்டத்துக் கள்ளுக்கடையும் இன்னொரு டப்ளினும்

அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகிறவர்கள் எந்தெந்த பப்பில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று பட்டியலோடு போகிறார்கள். நம் கெடாவிலும் ஒரு டப்ளின் உண்டு. கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம். சிடாம் கிரியில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த டப்ளின்தான்.

துரைமார்களுக்குக் கிளப் இருந்தது, விஸ்கி இருந்தது. பால்மரம் வெட்டியவனுக்குக் கள்ளுக்கடை. தென்னம்பாளையில் இறக்கும் கள்ளு நிற்காது; காலையில் இனிப்பாக இருப்பது சாயங்காலத்துக்குள் புளித்து ஏறிவிடும். அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே விற்றாக வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு அது பக்கத்திலேயே கிடைத்தது. சம்பளமாகக் கொடுத்த காசு, தோட்டத்தைத் தாண்டாமலே திரும்பிவிடும். கள்ளு லாபத்தில் தொழிலாளர் நலனுக்கென்று நிதி ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. அவன் குடித்த காசில் அவனுக்கே நலன்! கள்ளை மூடினால் சம்சு குடிப்பான் என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

எதிர்ப்புக் குரல் பழையது. 1921-இல் பெரியாரின் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் இறங்கினார். 1941-இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. வெள்ளைக்காரனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தாளில் இருந்ததைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். குடியும் குனிதலும் அவர்களுக்கு வேறு வேறாகப் படவில்லை.

போருக்குப் பிறகு கெடாவில் அது தொண்டர் படையானது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமை. இந்திய தேசிய ராணுவம் போய்விட்டாலும் அதன் அணிவகுப்பும் மிடுக்கும் லயத்துப் பையன்களிடம் மிச்சமிருந்தன. கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் தடியோடு வந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். சாமி கைதானார். அதே ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொருவர் மாண்டார்.

இதை வெறும் மதுவிலக்குப் பிரசாரம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கள்ளு குடிக்காதே என்று சொன்னதற்காக மட்டும் அரசாங்கம் இவ்வளவு மிரண்டிருக்குமா? நாள் முழுக்க வேலை வாங்கிய தோட்டத்திடம், சாயங்காலமாவது எங்களுடையது என்றார்கள் அவர்கள். தோட்டம் அதைத்தான் பொறுக்கவில்லை.