மருத்துவச்சியும் மருத்துவமனையும்



ஒரு வீட்டில் பெண் கருவுற்றால், பேறுகாலத்தை எங்கே வைத்துக்கொள்வது, யாரை நாடுவது என்ற பேச்சு ஏழாம் மாதத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறது. இது வீட்டுக் காரியம், இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். மன்னர் பட்டத்துக்கு வந்ததையும் போர் நடந்ததையுமே வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு நாட்டில் தாய்மார் எத்தனை பேர் பிழைத்தார்கள், அவர்கள் பிழைப்பதற்கு எவை காரணமாயின என்பதும் வரலாறுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், எங்கள் நெய்யூரை நடுவில் வைத்து அதைக் கூற விரும்புகிறேன்.

நெய்யூர், நாகர்கோவிலுக்கு மேற்கே இரணியலையும் திங்கள்சந்தையையும் அடுத்துள்ள ஊர். வெளியூரார் எங்களையும் சேர்த்து நாஞ்சில் நாட்டார் என்று கூறிவிடுவதுண்டு. முறையாகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீசுவரமும், நாங்கள் கல்குளத்தார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணையும் வரையில் எங்களுக்குத் தலைநகர் திருவனந்தபுரமே. ஆகவே இக்கதையில் சென்னையும் வரும், திருவனந்தபுரமும் வரும்.

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1828-இல் நெய்யூரில் தம் பணிக்களத்தை அமைத்தார். 1838-இல் ஆர்ச்சிபால்ட் இராம்சே என்னும் மருத்துவர் வந்து சேர்ந்தார். தென் திருவிதாங்கூர் மருத்துவ மிஷனின் தொடக்கம் அதுவே. அதற்கு முன் எங்கள் பெண்களின் பேற்றைக் கவனித்தவர் யார்? மருத்துவச்சி. மலையாளம் பேசும் அயலார் அவரை வயற்றாட்டி என்பர். தாயிடமிருந்து மகளும், மாமியாரிடமிருந்து மருமகளும் கற்ற தொழில் அது. நள்ளிரவில் ஆள் அனுப்பினாலும் அவர் வருவார். வலி கண்ட பெண்ணின் முதுகைத் தாங்குவார், பிள்ளையை ஏந்துவார், பின் பல நாள் வந்து தாயையும் சேயையும் வெந்நீரில் குளிப்பாட்டுவார். கூலியாக நெல்லும் துணியும் கிடைக்கும். சமுதாயத்தில் அவருக்குக் கிடைத்த இடமோ மிகத் தாழ்ந்தது. குடும்பத்தின் உயிரை அவர் கையில் ஒப்படைத்தவர்களே அவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பேறுகாலத்தில் வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் வந்து சேர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிது என்பதை நம் முன்னோர் நன்கறிவர். திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். மகளின் பேற்றுக்குப் புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் தடுத்து நிறுத்தியது. அவள் உருவில் இறைவனே வந்து துணைநின்றான் என்பது தலவரலாறு. பக்தியோடு கேட்பவர்க்கு அது அருட்செயல். சரித்திர மாணவனுக்கு அதில் இன்னொரு செய்தியும் புலப்படும்: ஆற்றில் வெள்ளம் வந்தால் துணையின்றித் தனியே பெற்ற பெண்கள் இந்நாட்டில் பலர் இருந்திருக்கிறார்கள்.

இனி, நெய்யூரில் மருத்துவர் வந்த உடனே பெண்கள் ஏன் மருத்துவமனைக்கு ஓடவில்லை என்று கேட்போம். அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது, அது நியாயமாகாது. ஐரோப்பாவில் அக்காலத்து நிலையைப் பாருங்கள். வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பேறு பார்த்தனர். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1840-களில் முதற்பிரிவில் பேறுகாலக் காய்ச்சலால் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் மாண்டனர். இரண்டாவதில் நான்குக்கும் குறைவு. இதனை அந்நகரத்து ஏழைப் பெண்கள் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாமென்று மன்றாடினர். தெருவிலேயே பெற்றவர்களும் உண்டு. பிணஅறையிலிருந்து நேரே பேற்றறைக்கு வரும் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டு, 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு சரேலெனக் குறைந்தது. ஆயினும் அவர் சொல்லைப் பெரியோர் பலர் அன்று ஏற்கவில்லை. ஆகவே 1838-இல் ஒரு நெய்யூர்ப் பெண் தன் வீட்டையும் மருத்துவச்சியையும் தேர்ந்தாள் என்றால், அன்றைய உலகில் அது பேதைமை என்று எவரும் ஏளனம் செய்ய இயலாது.

மருத்துவமனைக்கும் பெண்ணுக்கும் இடையே நின்ற பெருந்தடை ஒன்று இருந்தது. வந்த மருத்துவர் எல்லாரும் ஆண்கள். இங்கே மட்டுமல்ல, நாடெங்கும் இதே நிலை. 1890-களில் திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று வீட்டார் வந்து, கடினப் பேற்றில் தவிக்கும் தம் மனைவியர்க்கு உதவ ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். அவரோ அப்போது மருத்துவம் படியாதவர். அவர் தந்தை மருத்துவர். ஆண் என்பதால் அவரை உள்ளே விடக் கணவன்மார் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கியது. வேலூரில் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்ததும் அதன் பயனே. சென்னையில் 1844-லேயே பேறுகால மருத்துவமனை தோன்றிவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கட்டடம் முதலில் வந்தது, பெண் மருத்துவர் பிறகு வந்தார். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பலர் கதவுக்கு இப்புறமே மடிந்தனர்.

நெய்யூர் கண்ட வழி, உள்ளூர் மக்களையே பயிற்றுவித்தல். இராம்சேக்குப் பின் வந்த சார்லஸ் லீச் 1854-இல் கடலில் மூழ்கி மாண்டார். 1861-இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்க்கென மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். அயல்நாட்டார் ஒருவர் இறந்தாலும் திரும்பிச் சென்றாலும் மருத்துவம் ஊரிலே நிற்க வேண்டும் என்றால் அது ஊராரின் கைகளில் இருக்க வேண்டும். இவ்வாறு பயின்றோர் கிளை மருத்துவமனைகளுக்குச் சென்றனர். பின்னாளில் செவிலியர் பயிற்சியும் இங்கே வேர்கொண்டது. நம் பெண்களின் அச்சத்தைப் போக்கியவர்கள் வெள்ளுடை அணிந்த நம் பெண்களே என்பது என் கருத்து. பேற்றறையில் தன் மொழி பேசும் ஒரு குரல் கேட்டால், பாதி நோவு தணிந்துவிடும்.

இதே நெறியைத் திருவிதாங்கூர் அரசின் துறையில் மேற்கொண்டவர் மேரி புன்னன் லூக்கோஸ். 1886 ஆகஸ்டில் பிறந்தவர். பெண் என்பதால் அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டு, வேறு பாடத்தில் பட்டம் பெற்று, இலண்டன் சென்று மருத்துவரானார். 1916-இல் தாயகம் திரும்பித் திருவனந்தபுரம் தைக்காட்டு மகளிர் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். அவர் செய்த அறிவுடைய செயல் ஒன்றைச் சொல்கிறேன். பரம்பரை மருத்துவச்சிகளை அவர் பகைக்கவில்லை. அவர்களுடைய மக்களையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். பழைய நம்பிக்கையும் புதிய அறிவும் ஒரே வீட்டில் குடியேறின. 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். அவருக்குச் சில நாள் முன்பு, 1886 ஜூலையில், புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒரே ஆண்டில் சில நாள் இடைவெளியில் பிறந்த இப்பெண்கள் இருவரும் மருத்துவராகி, சட்டமன்றத்திலும் அமர்ந்தனர்.

இதற்கிடையே நெய்யூருக்கு ஹோவர்ட் சோமர்வெல் வந்தார். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் ஒருவர். திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், நெய்யூரில் பெருங்கூட்டம் காத்திருக்க ஒரே அறுவை மருத்துவர் திண்டாடுவதைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த வாழ்வைத் துறந்து இங்கேயே தங்கினார். பேறு பெரும்பாலும் இயல்பாக முடியும். முடியாத சிலவற்றில் கத்தி எடுக்கத் தெரிந்தவர் அருகிலிருப்பதே உயிர்க்காவல். 1930-களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், அடுத்த பத்தாண்டில் பெனிசிலினும், குருதி ஏற்றும் முறையும் பரவியபோதுதான் மருத்துவமனைப் பேறு வீட்டுப் பேற்றினும் காப்பானது என்பது ஐயமற உறுதியாயிற்று.

ஆனால் உறுதியான நன்மை எல்லார்க்கும் எட்டவில்லை. 1946-இல் போர் குழு தன் அறிக்கையில், இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் மடிவதாக மதிப்பிட்டது. ஓர் இலட்சத்துக்கு 2,000 என்று கணக்கிடுங்கள்.

அந்நிலை மாறியதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நானே கண்டேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1980-களில், பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பலரிடம் பிறப்புச் சான்று இராது. “கொல்லம் ஆண்டு இன்னது, கொடை கழிந்த மறுவாரம்” என்று பாட்டி சொல்லும் அடையாளத்தைக் கொண்டு நாள் குறிப்போம். பிள்ளை வீட்டில் பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நான் ஓய்வுபெறும்போது, மருத்துவமனையின் பெயரும் பிறந்த மணியும் உள்ள சான்று இல்லாமல் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒரு தலைமுறைக் காலத்தில் நடந்த மாற்றம் அது. ஊர்தோறும் வந்த கிராம சுகாதாரச் செவிலியர், இரவும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையம், சாலை, 108 ஊர்தி, 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் எல்லாம் சேர்ந்து இதைச் செய்தன. பெண் கல்வியை நான் தனியே எண்ணுகிறேன்; படித்த பெண் தன் உடலைப் பற்றி வினவத் தயங்கவில்லை.

இன்றைய நிலை என்ன? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. 2018–20-ஆம் ஆண்டுகளின் கணக்கில் இலட்சத்துக்கு இந்தியாவில் 97 தாய்மாரும், தமிழ்நாட்டில் 54 பேரும் மாண்டனர். போர் குழுவின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நன்றியுணர்வு எழாமல் இராது. அதே ஆய்வு இன்னொன்றும் கூறுகிறது: தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 அளவில் பேறுகள் அறுவை மூலமே நிகழ்கின்றன, தனியார் மருத்துவமனைகளில் அது 60-க்கும் மேல். வேண்டிய இடத்து அறுவை உயிர்காக்கும். அளவு பத்துக்கு மேல் ஏறுவதால் மட்டும் ஒரு நாட்டில் சாவு குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் எடுத்துரைத்தது.

வீடா, மருத்துவமனையா என்ற பழைய கேள்வி எங்கள் ஊரில் முடிந்துபோயிற்று. மருத்துவமனைக்குள்ளே எத்தகைய பேறு, யாருடைய துணையில் என்பதே இன்றைய கேள்வி. இந்திய அரசு 2018-இல் மருத்துவச்சிச் சேவைக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; நன்கு பயின்ற செவிலியர் இயல்பான பேறுகளைக் கவனிக்க, மருத்துவர் சிக்கலுள்ளவற்றைக் கவனிப்பது அதன் நோக்கம். திண்ணைக்கு அப்பால் நிறுத்திய மருத்துவச்சியை, அறிவும் மதிப்பும் தந்து மீண்டும் உள்ளே அழைக்கும் முயற்சி என்றே நான் அதைக் காண்கிறேன்.

கருவுற்ற பெண்ணும் அவள் வீட்டாரும் இடம் தேர்கையில் சில வினாக்களைக் கூச்சமின்றிக் கேட்கட்டும். நள்ளிரவில் சென்றால் அங்கே பயின்றவர் இருப்பாரா? குருதி வேண்டின் எத்தனை நேரத்தில் கிடைக்கும்? வலியின்போது தாயோ சகோதரியோ உடனிருக்கலாமா? அறுவை வேண்டுமெனின் காரணம் சொல்வார்களா? இந்த வினாக்களுக்கு முகங்கோணாமல் விடை தரும் இடமே நல்ல இடம். அது அரசினுடையதாயினும், தனியாருடையதாயினும், திருச்சபையினுடையதாயினும் ஒன்றே.

வியன்னாவின் ஏழைப் பெண்கள் எந்தக் கதவில் சாவு நிற்கிறது என்பதை மருத்துவர்க்கு முன்பே அறிந்திருந்தனர். அவர்களை யாரும் கேட்கவில்லை. திண்டிவனத்துப் பெண்கள் மூவரின் விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை; கணவன்மாரே முடிவு செய்தனர். தாயைக் காக்க மருந்தும் கட்டடமும் வேண்டும். அவளுடைய சொல்லைக் கேட்கும் செவியும் வேண்டும். முன்னவற்றைப் பெற நமக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பின்னதற்கு அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை; இன்று மாலை நம் வீட்டிலேயே அதைத் தொடங்கலாம்.