ஹார்மோன் சிகிச்சை நின்ற பின் மாதவிலக்குக் கோளாறு: புதுச்சேரிச் சூழலில் ஆயுர்வேதத்தின் இடமும் எல்லையும்

ஹார்மோன் சிகிச்சை, மருந்து உட்கொள்ளும் காலம்வரை மாதவிலக்குக் கோளாற்றை அடக்கிவைக்கிறதே தவிர, பெரும்பாலும் அதன் காரணத்தை நீக்குவதில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை மாத்திரை, கருமுட்டை வெளிப்படுவதைத் தடுத்துக் கருப்பையின் உட்படலத்தை மெலியச் செய்வதால், கருப்பைத் தசையைச் சுருக்கி வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் குறைவாகவே சுரக்கிறது; மாதந்தோறும் அப்போது தோன்றும் உதிரப்போக்கோ மாத்திரையை இடையில் நிறுத்துவதன் விளைவேயன்றி இயல்பான சுழற்சிக்குச் சான்றாகாது. எனவே நிறுத்திய பின் வெளிப்படும் வலியும் ஒழுங்கின்மையும் பல பெண்களிடம் முன்பே இருந்து மறைந்திருந்தவை. ஹார்மோன் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறியாமல் கொடுக்கப்படும் எந்த ஆயுர்வேத மருந்தின் பயனையும் அளவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு மூலநூல்களே துணை நிற்கின்றன. சரக சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானம் பெண்ணுறுப்பு நோய்களை இருபதாக வகுத்து, கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய வாயு மேல்நோக்கித் திரும்புவதால் துன்பத்தோடு உதிரம் வெளியேறி, வெளியேறியதும் வலி தணியும் நிலையை உதாவர்த்தினி என்று தனித்துக் காட்டுகிறது. உரிய காலத்தில் வராமலும் குறைந்தும் வலியோடும் வரும் ஆர்த்தவக்ஷயம் என்னும் நிலைக்குச் சுசுருதர் உடற்சுத்தியையும் வெம்மைத் தன்மையுள்ள பொருள்களையும் சொல்கிறார். மிகுதியாகப் போகும் உதிரத்துக்குரிய நெறி இவ்விரண்டினின்றும் வேறு. அப்படியிருக்க, எல்லாக் கோளாறுக்கும் அசோகப்பட்டையால் ஆன அசோகாரிஷ்டத்தையே எழுதிக்கொடுப்பது ஆயுர்வேத நெறிக்கும் பொருந்தாது. அசோகப்பட்டைக்குப் பதிலாக நெட்டிலிங்கப்பட்டை கலக்கப்படுவதும் நெடுநாளாக அறியப்பட்ட குறையாகும்.

காலம் குறித்த சிக்கல் இன்னும் நுட்பமானது. மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களுக்குள் சுழற்சி தானே திரும்புகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்குப் பின்போ கருவுறும் ஆற்றல் மீளப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் கொடுக்கப்பட்ட கஷாயம் இயற்கையின் பணிக்குப் பெயர் வாங்கிக்கொள்வது எளிது. வலியைப் பொறுத்தவரை நிலை ஓரளவு தெளிவானது: மாதவிலக்கின் முதல் நாட்களில் இஞ்சிப் பொடி கொடுத்துச் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகளில் வலி குறைந்துள்ளது, ஸ்வேதனம் என ஆயுர்வேதம் கூறும் வெப்பச் சிகிச்சைக்கு நெருங்கிய ஒத்தடமும் பயன் தருகிறது. கருப்பைக்கு வெளியே உட்படலம் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் இவை போதும் என்று கொள்ள இடமில்லை.

புதுச்சேரியின் நிறுவன அமைப்பு இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நவீன மருத்துவ நிறுவனமான ஜிப்மர் இங்குள்ளது. மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமத்தின் வட்டார நிறுவனமும் நகரில் இயங்குகிறது. ஒன்றியப் பகுதியின் ஆயுர்வேதக் கல்லூரியோ கேரளக் கரையிலுள்ள மாஹேயில் இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிக்குச் சித்த மருந்தான கழற்சிக்காய்ச் சூரணத்தையும் வலிக்கு ஆயுர்வேத மருந்தான சப்தசாரக் கஷாயத்தையும் ஒரே பெண் உட்கொள்ளும்போது, இரண்டையும் ஹார்மோன் சீட்டோடு சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் எவரும் இல்லாமற்போகக்கூடும். மூன்று முறையினரும் படிக்கத்தக்க ஒரே குறிப்பேடு நோயாளியின் கையில் இருப்பது அதனால் இன்றியமையாதது.

ஹார்மோன் வரலாற்றை அறியாமல் மருந்து கொடுப்பதன் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பெருங்காயம், வெங்காரம், அன்னபேதி, கற்றாழை ஆகியன சேர்ந்த ரஜப்பிரவர்த்தினி வடி மாதவிலக்கை வரவழைக்கும் மருந்து. கருவுற்ற பெண்ணுக்கு அதனைக் கொடுக்கலாகாது. மாத்திரையை நிறுத்தியவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதன் முதற்காரணம் கருவுறுதலாகவே இருக்கலாம் என்பதால், கருப்பரிசோதனை முடியும் முன் இம்மருந்தைத் தொடங்குவது தவறு. மூன்று மாதம் கடந்தும் மாதவிலக்கு வராத நிலையிலும், வலி ஆண்டுக்காண்டு மிகும் நிலையிலும் தைராய்டு, புரோலாக்டின் அளவுகளையும் ஸ்கேனையும் பார்த்த பின்பே ஆயுர்வேதச் சிகிச்சையைத் தொடரத் தகும்.