மம்பட்டி பிடித்த பட்டாளத்தார்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "நீதான் வரலாறு படிச்சவனாச்சே, நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது எழுதேன்" என்றார். நம்ம பக்கத்துக்கு என்ன பெரிய வரலாறு? அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கி, பூந்தமல்லி என்றால் பஸ் ஸ்டாண்டு... பி.ஏ. வரலாறு படித்த நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் நாலாம் வகுப்பைத் தாண்டாத என் பெரியப்பா.

1976-ஆம் வருஷம். பரீட்சைக்காகத் திண்ணையில் உட்கார்ந்து மூன்றாம் பானிபட் யுத்தத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

"இன்னா சண்டைடா படிக்கிற?"

"பானிபட், பெரியப்பா. 1761."

"அந்தச் சண்டை நடந்தப்போ அரிசி இன்னா வெலை வித்துதுன்னு போட்டிருக்கா உன் புஸ்தகத்துல?"

போடவில்லை என்றேன். "அப்புறம் இன்னாடா சரித்திரம்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கேள்வியின் கனம் புரிய வெகுகாலம் ஆயிற்று.

பெரியப்பா பிறந்தது 1924-இல். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே எங்கள் கிராமம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம், இந்தப் பக்கம் புழல் என்று எங்கு திரும்பினாலும் தண்ணீர்; தண்ணீருக்குக் கீழே நெல் வயல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். மழை ஏமாற்றினால் கேழ்வரகுக் கூழ்.

மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் போய் ஏரிக்கரையைச் செப்பனிட வேண்டும். இதுதான் குடிமராமத்து. பத்து வயதிலேயே பெரியப்பா மண்கூடை சுமந்திருக்கிறார். எந்த மண் கரைக்கு நிற்கும், எது கரைந்து போகும், மதகு ஓரத்தில் ஊற்றுக் கண்டால் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து எப்படி அடைப்பது என்பதெல்லாம் அவருக்கு அங்கே கிடைத்த படிப்பு. "கரையில ஒரு எலி வளை போதும்டா, ஊரே போயிடும்" என்பார். இந்தப் படிப்பு கடல் தாண்டிப் பயன்படும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று நகரமே நடுங்கிவிட்டது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பூந்தமல்லி சாலையில் மாட்டு வண்டி வண்டியாக ஜனங்கள் மேற்கே போனார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு பட்டணத்துக் குடும்பம் ஒரு மாதம் தங்கியிருந்ததாம்.

அரிசி கதை இங்கேதான் தொடங்குகிறது. போருக்கு முன் ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 'ரங்கூன் அரிசி' என்றால் சென்னையில் ஏழைகளின் சோறு. ரங்கூன் விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றுவிட்டன. விலை ஏறியது, கள்ளச் சந்தை முளைத்தது, 1943-இல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. அதே ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நம் மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாடு போர் முடிந்தும் விடவில்லை. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான் விலக்கினார். பெரியப்பா என்னிடம் அரிசி விலை கேட்டதன் காரணம் இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

அந்த 1942-லேயே பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். "ராஜாவுக்காகவும் போகல, தேசத்துக்காகவும் போகல. வீட்ல கடன். அம்மாவுக்கு மாசாமாசம் மணியார்டர் வருமேன்னு போனேன்" என்று ஒளிக்காமல் சொல்வார். ஆகஸ்டில் காந்தி 'வெள்ளையனே வெளியேறு' என்றார். ஊரில் கதர் கட்டிய சிலர், "வெள்ளைக்காரனுக்குக் கூலி வேலைக்குப் போறான்" என்று பேசினார்களாம். அந்தச் சொல் கடைசி வரை அவரை உறுத்தியது. ஆனால் அவர் மட்டுமா போனார்? அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் இருபத்தைந்து லட்சம் பேர். அத்தனை பேரும் தாமே முன்வந்து சேர்ந்தவர்கள். எண்பத்தேழாயிரம் பேர் திரும்பி வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது வெள்ளைக்கார அதிகாரிகள் பலரின் எண்ணம். 'போர்க்குல மக்கள்' என்று வடக்கே சில இனங்களைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு, பழைய மதராஸ் காலாட்படைகளை இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கலைத்துவிட்டார்கள். 1933-இல் மதராஸ் பயனியர் படையும் போயிற்று. மிஞ்சியது 1780-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படை ஒன்றுதான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. போர் முற்றி ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே லாயக்கில்லாத தென்னாட்டானைத் தேடி ஊர் ஊராக வந்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டையும் மறுபடி எழுப்பினார்கள்!

பெரியப்பா பெங்களூரில் பயிற்சி முடித்து சாப்பராகி, பர்மா போர்முனைக்குப் போனார். "நாங்க சுட்டத விடத் தோண்டினதுதான் ஜாஸ்தி. துப்பாக்கி முதுகுல, மம்பட்டி கையில" என்பார். பர்மாவின் மழைச் சேற்றில் லாரி புதையும். மரங்களை வெட்டி வரிசையாகப் படுக்கப்போட்டு அதன்மேல் பாதை அமைப்பார்கள். சாக்குத் துணியைத் தாரில் தோய்த்துத் தரையில் விரித்து, மழையிலும் விமானம் இறங்கத் தளம் போட்டார்கள். 1944 டிசம்பரில் கலேவா என்ற இடத்தில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் எழுந்தது. அன்றைக்கு அதுவே உலகின் மிக நீளமான பெய்லி பாலம். மலேரியாவுக்குப் பயந்து தினமும் விழுங்கிய மாத்திரையில் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துவிடுமாம். "மஞ்சக் குளிச்ச மாப்பிள்ளை மாதிரி இருப்போம்" என்று சிரிப்பார்.

ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். பிடிபட்டு வந்த நேதாஜி படைக்காரர்களில் ஒருவன் தமிழில் தண்ணீர் கேட்டானாம். மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன். "எந்த ஊரு தம்பி?" என்று இவரைக் கேட்டானாம். "அவன் தேசத்துக்குன்னு சொல்லி வந்தான். நான் மணியார்டருக்கு வந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை, ஒரே பசி. என்னாடா சொல்றது?" இதற்கு மேல் பேச மாட்டார். பல வருஷம் வரலாறு படித்த எனக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை.

இத்தாலிக்குப் போன தம்பிமார்களும் உண்டு. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனை இந்த மலரைப் படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? மதராஸ் சாப்பர்ஸ் படையின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனிக்காரர். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி மின்யானோ என்ற ஊரருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். வெடி ஒன்று இயங்கிவிட்டது. வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. தன்னைக் காத்துக்கொள்ள நினைக்காமல் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அவர் மறைந்தார், உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த ஆண்டே ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருதை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர். சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட மண்ணிலிருந்து போனவர்!

பெரியப்பா வெளியே போயிருந்த நேரத்தில் போர் நம் ஊருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. ஜப்பானியரைத் திருப்பித் தாக்குவதற்கான தளவாடங்களைக் குவித்துவைக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஆவடியும் ஒன்று. நெல் விளைந்த பக்கம் கொட்டகைகள், கிடங்குகள், லாரிகள். புழல் ஏரியில் வங்கக் கடலைக் கண்காணிக்கும் கேட்டலைனா விமானங்கள் படகு போலத் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. மாடு மேய்க்கப் போன என் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னபோது, பாட்டி நம்பாமல் முதுகில் ஒன்று வைத்தாளாம். சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிந்ததும் அந்தப் போர்க்காலத்தில்தான், 1944-இல். அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமலே 1943-இல் காலமானார்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு சின்னக் குறிப்பு. 'ஆவடி' என்பதே டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் வந்தது. முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்ட 'ஆவடி காங்கிரஸ்' நடந்ததோ 1955 ஜனவரியில். குழந்தை பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே யாராவது பெயர் வைப்பார்களா? காதால் கேட்டதை ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வரலாற்றுப் படிப்பு.

1946-இல் பெரியப்பா ஒரு தகரப் பெட்டியோடும் பர்மா ஸ்டார் மெடலோடும் ஊர் திரும்பினார். மறுபடி ஏர் பிடித்தார். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு வயல்கள் மனைகளாயின. கடைசியில் தான் நாற்று நட்ட இடத்திலேயே நின்ற ஒரு கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். "அப்பவும் காவல், இப்பவும் காவல்" என்பார். வருத்தமா, வேடிக்கையா, கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். 1952-இல் அமைந்தது, இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். புல்லை அவ்வளவு அழகாகப் பராமரித்திருக்கிறார்கள். வரிசையாக நடந்தவர் என்னைப் பார்த்து, "நம்ம பசங்க எங்கடா?" என்று கேட்டார். பெரும்பாலும் எரித்துவிட்டார்கள் அல்லது காட்டிலேயே விட்டுவிட்டார்கள், கல்லறை ஏது? ரங்கூன் அருகே தவுக்யானில், கல்லறை இல்லாத ஏறத்தாழ இருபத்தேழாயிரம் பேரின் பெயர்களைத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. 1994-இல் அவர் போய்விட்டார்.

அவர் சொன்னதில் நான் குறித்து வைத்திருப்பது ஒரு நோட்டில் பதினோரு பக்கம். அவ்வளவுதான்! எந்தக் கம்பெனி, எந்தப் பாலம், தண்ணீர் கேட்டவன் பெயர் என்ன... எதையும் கேட்டு வைக்கவில்லை. பானிபட் யுத்தத்துக்கு மார்க் வாங்கினேன், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த யுத்தத்தைக் கோட்டைவிட்டேன். வரலாறு படித்தவன் என்று சொல்லிக்கொள்ள இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகப் போரில் சண்டையிட்டவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். ஆனால் அன்று சிறுவர்களாக இருந்தவர்கள், ரேஷன் வரிசையில் நின்றவர்கள், ஏரியில் விமானம் இறங்கியதைப் பார்த்தவர்கள் ஒரு சிலராவது இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 1962, 1965, 1971 போர்களுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். பரணில் தகரப் பெட்டி இருந்தால் எடுத்துத் துடையுங்கள். மாணவர்கள் விடுமுறையில் ஒரு நோட்டோடு போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தளபதி ஜெயித்தான் என்று கேட்க வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கும். அப்போது அரிசி என்ன விலை என்று கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.